பயணப் பையில் முதலில் எதை வைப்பது?

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் குடும்பம் நுவரெலியாவுக்கு நான்கு நாள் சுற்றுலா சென்றது. வாப்பா, உம்மா, உம்மம்மா, தம்பி, தங்கச்சி, நான் என்று ஆறு பேர். மாமா வீட்டிலிருந்து ஐந்து பேர். மொத்தம் பதினொரு பேருக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வான். நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன் என்பதால், "திட்டமெல்லாம் நீங்களே போடுங்க மகள்" என்று வாப்பா பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். நானும் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் நான் சரியாகச் செய்தவை சில, பிழையாகச் செய்தவை பல. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் பொதி கட்டும் வேலை யாராவது ஒரு மாணவியின் தலையில்தான் விழும். அவளுக்கு இது உதவட்டும்.

இடத்தையும் காலத்தையும் அறிதல்

எதைக் கொண்டு போவது என்பதை நாம் போகும் இடமும் போகும் மாதமும்தான் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணம் கடல் மட்டத்தோடு ஒட்டிய நிலம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயரும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று படித்திருக்கிறோம். அந்தக் கணக்கின்படி அங்கே நம் ஊரைவிட ஏறத்தாழ 12 பாகை குறைவாக இருக்க வேண்டும். இரவில் குளிர் இன்னும் கூடும்.

ஆகஸ்ட் மாதம் நமக்குச் சோளகக் காற்றும் வெயிலும் புழுதியும்தான். ஆனால் அதே தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டுகிறது. டிசம்பரில் போனால் வடகீழ்ப் பருவமழை நம்மையும் வழியெல்லாம் நனைக்கும். ஆகவே ஒரே நாட்டுக்குள்ளே நானூறு கிலோமீற்றர் போனாலும் வேறொரு காலநிலைக்குள் போகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு சரியாக இருந்தது. ஒரு தடித்த கம்பளிச் சட்டைக்குப் பதிலாக ஒன்றின் மேல் ஒன்றாக அணியக்கூடிய மெல்லிய உடைகள், மழைக்கோட்டு, இரண்டு சோடிக் காலுறை. மழை ஊரில் துணி காயாது. கனமான அபாயா ஒரு முறை நனைந்தால் இரண்டு நாளைக்கு ஈரமாகவே கிடக்கும். மெல்லிய துணியில் தைத்ததுதான் வசதி. ஈரத் துணியைப் போட ஒரு தனிப் பையும் வேண்டும்.

எத்தனை பொதிகள்?

பிழை இங்கேதான் தொடங்கியது. பதினொரு பேருக்கு நாங்கள் கட்டிய பொதிகள் பத்தொன்பது! தங்கச்சிக்கு மட்டும் எட்டு உடுப்புகள். தம்பி கிரிக்கெட் மட்டையையும் விக்கெட் தடிகளையும் எடுத்துக்கொண்டான். மாமி ஒரு பெரிய அரிசிச் சட்டியையே கொண்டுவந்திருந்தார். நான் மட்டும் யோக்கியமா? பரீட்சை வரப்போகிறது என்று நான்கு பாடக் கொப்பிகளை எடுத்து வைத்தேன். நான்கு நாளும் ஒரு பக்கமேனும் திறக்கவில்லை.

இன்னொரு பிழை, பொதிகளைப் புறப்படும் நாள் காலையில் கட்டியது. சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். வான் சோனகதெருவை விட்டு வெளிக்கிடும்போது மணி ஏழரை ஆகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் சில விதிகள் இருக்கின்றன. போகும் நாட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே உடுப்புகளின் எண்ணிக்கை. நான்கு நாளென்றால் ஐந்து. ஒருவருக்கு ஒரு பை. அதை அவரே தூக்க வேண்டும். பையை நிரப்பிய பின் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனை வரை போய்வந்து பார்க்க வேண்டும். வழியில் கை மாற்ற வேண்டி வந்தால், திறந்து இரண்டு பொருட்களை வெளியே எடுக்க வேண்டும். பொதிகள் முதல்நாள் அஸருக்கு முன் வாசலுக்கு வந்துவிட வேண்டும். காலையில் எடுத்து வைப்பது பற்பசையும் தூரிகையும் சார்ஜரும் மட்டும்தான்.

தம்புள்ளையில் நடந்தது

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. பதினொன்றரைக்குத் தம்புள்ளையில் பகல் சாப்பாடு என்று திட்டமிட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் பிந்திப் புறப்பட்டதாலும், இடையில் சிறுவர்களுக்காக மூன்று இடங்களில் நிறுத்தியதாலும், இரண்டு மணியாகியும் நாங்கள் தம்புள்ளையை அடையவில்லை.

உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையில் வழக்கமான குளிசையைப் போட்டிருந்தார். திடீரென்று, "மகள், கை நடுங்குது" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. சீனிக் குளிசை போட்டவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி மிகக் குறைந்து இப்படி வரும். அந்த நேரத்தில் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். தாமதித்தால் மயக்கமே வரலாம்.

மருந்துப் பை எங்கே? சீனி பார்க்கும் கருவி எங்கே? பிஸ்கட் எங்கே? எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அழகாக அடுக்கி, மேலே பெயரும் எழுதி, வானின் பின்பகுதியில் வைத்திருந்தேன். அதன் மேல் பதினான்கு பொதிகள். அதற்கும் மேலே அரிசிச் சட்டி. வாப்பா வானை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உம்மம்மாதான் நடுங்கும் கையால் தன் மடியிலிருந்த பழைய துணிப்பையைக் காட்டினார். உம்மா அதைத் திறந்தார். சின்னப் போத்தலில் சீனி, ஒரு போத்தல் தண்ணீர். உம்மா மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உம்மம்மா தெளிந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டார்.

அந்தத் துணிப்பையைப் பார்த்துத்தான் முதல்நாள் நாங்கள் எல்லோரும் சிரித்திருந்தோம். அதற்குள் எங்கள் அனைவரின் அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் போட்டோ கொப்பி, கிளினிக் கொப்பி எல்லாம் இருந்தன. "நுவரெலியாவுக்கு ஏன் உம்மம்மா காணி உறுதி? அங்கே வாவிக்கரையில் காணி வாங்கப் போறீங்களா?" என்று தம்பி கேட்டான். உம்மம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் கட்டிய பொதி

அன்றிரவு நுவரெலியாவில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் உம்மம்மா அந்தப் பையின் கதையைச் சொன்னார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வரலாறு நம் கல்லூரி மாணவிகள் அனைவரும் கேட்டு வளர்ந்ததுதான். ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு மக்களை அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளே என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போது உம்மம்மாவுக்கு முப்பது வயது. உம்மாவுக்கு எட்டு, மாமாவுக்கு ஆறு, சின்ன மாமா கைக்குழந்தை. "என்ன எடுத்தீங்க உம்மம்மா?" என்று கேட்டேன்.

"கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்தன். புள்ளைகளுக்கு உடுப்பு, பால்மா ரின், பற்றரி இல்லாத ஒரு டோர்ச். பிறகு பார்த்தா, இடியப்ப உரல் ஒன்றும் பைக்குள்ள கிடக்குது. அதை ஏன் எடுத்தன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேசையில இருந்தது, எடுத்திட்டன்."

பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் அதே அறையில் தகரப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றின் நினைவு வவுனியாவை நெருங்கும்போதுதான் வந்ததாம். புத்தளத்தில் உம்மாவைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். புதிதாக எடுக்க இலக்கம் வேண்டும். இலக்கம் அந்தப் பெட்டிக்குள். உம்மாவுக்கு ஐந்து மாதப் படிப்பு போய்விட்டது. பல வருடங்களின் பின் ஊருக்குத் திரும்பி வந்து, இடிந்து காடு பற்றிக் கிடந்த எங்கள் வளவை எங்களுடையது என்று காட்டுவதற்கும் அந்த உறுதி இல்லாமல் வாப்பாவும் மாமாவும் அலைந்த அலைச்சலை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

"பயம் வந்தா மூளை ஒன்றும் சொல்லாது மகள். கைதான் எடுக்கும். அதனால, பயம் இல்லாத நேரத்திலயே எடுத்து வைக்கணும்" என்றார் உம்மம்மா.

ஒரு சுற்றுலாவையும் அந்த வெளியேற்றத்தையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. அன்று போனவர்கள் விரும்பிப் போனவர்கள் அல்லர். ஆனால் பொதி கட்டுவதைப் பற்றி உம்மம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்பது அந்த இரவில் விளங்கியது. நான் ஆசைப்பட்டவற்றைப் பட்டியல் போட்டிருந்தேன். அவர், போனால் திரும்பப் பெற முடியாதவற்றையும், வேண்டிய நொடியில் கையில் இருக்க வேண்டியவற்றையும் முதலில் எடுத்து வைத்திருந்தார். துவாயை நுவரெலியாக் கடையில் வாங்கலாம். சவர்க்காரத்தை எங்கும் வாங்கலாம். கிளினிக் கொப்பியை எந்தக் கடையில் வாங்குவது?

கைப்பையில் இருக்க வேண்டியவை

ஆகவே முதலில் கட்ட வேண்டியது பெரிய பெட்டியை அல்ல, சின்னக் கைப்பையை. அது வானின் பின்னால் போகக் கூடாது. ஒரு பெரியவரின் மடியிலேயே இருக்க வேண்டும். அதில் வைக்க வேண்டியவை:

அடையாள அட்டைகள், முக்கிய ஆவணங்களின் பிரதிகள். மூலப் பத்திரங்கள் வீட்டில் ஈரம் படாத, எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் இருக்கட்டும். அவற்றைப் படம் பிடித்துத் தொலைபேசியிலும், வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வைத்திருப்பது நல்லது.

தினமும் போடும் குளிசைகள், போகும் நாட்களைவிட மூன்று நாளைக்குக் கூடுதலாக. குளிசையின் பெயரும் அளவும் எழுதிய துண்டு. பனடோல், ஜீவனிப் பக்கற், காயத்துக்குக் கட்டும் துணி. சீனி வருத்தக்காரர் இருந்தால் சீனியும் பிஸ்கட்டும். கம்பளையைத் தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே கூடாது. இஞ்சித் துண்டும் சில வெற்றுப் பைகளும் தேவைப்படும்.

காசு இரண்டு இடங்களில் பிரித்து வைக்கப்பட வேண்டும். செலவுக் கணக்கில் வாகனம், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு என்பவற்றோடு 'எதிர்பாராதது' என்று ஒரு வரியும் இருக்கட்டும். தொலைபேசி அணைந்துவிட்டால் யாருடைய இலக்கமும் நமக்கு மனப்பாடம் இல்லை. ஐந்து இலக்கங்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைத்துவிடுங்கள்.

தொழுகையையும் முன்கூட்டியே திட்டமிடலாம். ஒரு மெல்லிய முஸல்லா, தொழுகை உடை, வுழூவுக்கு ஒரு போத்தல் தண்ணீர். பிரயாணிக்கு நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கவும், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சாப்பிட நிறுத்தும் இடத்தைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தெரிவு செய்தால் இரண்டு வேலையும் ஒரே நிறுத்தத்தில் முடியும். அதிலும் முதியவர்களின் சாப்பாட்டு நேரம்தான் பயண அட்டவணையின் முதல் வரியாக இருக்க வேண்டும். இதை நான் தம்புள்ளை வீதியில் படித்தேன்.

வீட்டைப் பூட்டும்போது

எரிவாயுவை மூடி, தண்ணீர்க் குழாய்களைப் பார்த்து, ஒரு திறப்பை அயல்வீட்டில் கொடுக்க வேண்டும். கோழிக்கு யார் தீன் போடுவார், பூக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். திரும்பும்போது கரட்டும் லீக்ஸும் வாங்க ஆசை வரும். அதற்கும் பையில் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள்.

அடுத்த விடுமுறைக்குத் திருகோணமலை போவோம், இன்ஷா அல்லாஹ். போன கிழமை நான் புதிய கொப்பி ஒன்றில் திட்டம் எழுதத் தொடங்கினேன். புறப்படும் திகதியை எழுதப் போனபோது உம்மம்மா என் கையைப் பிடித்தார்.

"அதைப் பிறகு எழுதலாம் மகள். முதல்ல திரும்பி வாற திகதியை எழுதுங்க."

எழுதினேன். அதற்குக் கீழேதான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.