நாலு மாசம் தூண்டிலுக்கு லீவு... தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் விலை எகிறும்போதுதான் நம்மில் பலருக்கு அது ஞாபகத்துக்கே வரும். இமாச்சலப் பிரதேசத்திலும் இதேபோல ஒரு தடைக்காலம் இருக்கிறது. ஆனால் அது கடலுக்கு இல்லை, ட்ரவுட் மீன் வாழும் மலை ஆறுகளுக்கு. நவம்பர் 1-ல் ஆரம்பித்து பிப்ரவரி முடியும் வரை நான்கு மாதம். அங்கே வலையும் படகும் கிடையாது. ஒற்றைத் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் டூரிஸ்டுக்குத்தான் இந்தத் தடை.

குலு மாவட்டத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு இப்போது பெங்களூரு, சென்னை ஐடி ஆட்களுக்கு ரொம்பவே பழக்கமான பெயர். லேப்டாப்போடு போய் ஒரு வாரம் தங்குகிறார்கள். ஹோம்ஸ்டே லிஸ்ட்டில் ‘போன்ஃபயர்’, ‘ட்ரெக்கிங்’ பக்கத்திலேயே ‘ட்ரவுட் ஃபிஷிங்’ என்றும் இருக்கும். யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் உச்சியில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றோடு சேர்கிற ஆறு இது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. இறங்கினால் கால் மரத்துப்போகும்.

அந்தக் குளிர்தான் ட்ரவுட்டுக்கு வேண்டும். சால்மன் குடும்பத்து மீன் இது. தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு ஆக்ஸிஜன் அதில் தங்கும். கடல்மட்டக் கணக்குப்படி 10 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். 20 டிகிரியைத் தாண்டினாலே ட்ரவுட்டுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும்.

புழு வேண்டாம், லூர் போதும்!

ஃபிராக் லூர் போட்டு ஏரியில் விரால் பிடிக்கிற வீடியோக்களை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் தவளையை நிஜத் தவளை என்று நம்பி விரால் பாயும். ட்ரவுட்டிலும் அதே ஏமாற்று வேலைதான், சாதனம் மட்டும் வேறு. ‘ஸ்பின்னர்’ என்றால் ஒரு கம்பியில் சுழலும் சின்ன உலோகத் தகடு. இழுக்கும்போது அது சுழன்று மின்னும், தண்ணீரில் அதிர்வும் கிளப்பும். மீனின் உடல் பக்கவாட்டில் நீளமாக ஓடும் ஓர் உணர்வுக்கோடு அந்த அதிர்வைப் பிடித்துக்கொள்ளும். ‘ஸ்பூன்’ நிஜமாகவே கைப்பிடி இல்லாத கரண்டி மாதிரிதான் இருக்கும். இன்னொரு வகை, மீன் வடிவத்திலேயே செதுக்கியது.

இந்த மூன்றாவது வகையில் ஒரு நல்ல கதை உண்டு. பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெரிய மீன், கூட்டத்தில் ஆரோக்கியமாக நீந்தும் மீனை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடிப் போகும் மீனைத்தான் குறிவைக்கிறது. 1936-ல் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சாக்லேட் பேப்பரின் பளபளத் தாளைச் சுற்றி, உருகிய போட்டோ நெகட்டிவை மேலே பூசி, தள்ளாடும் பொம்மை மீன் ஒன்றைச் செய்தார். அவர் பெயரிலேயே இன்று அது உலகப் பிராண்ட்.

லூர் கையில் இருந்தால் மட்டும் போதாது, ஆற்றைப் படிக்கத் தெரியணும். ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, மேற்கு கிழக்கு பார்க்காமல், தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆனால் வீணாகச் சக்தியைச் செலவழிக்காது. பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணிகிற இடத்தில் ஒதுங்கிக்கொண்டு, பக்கத்து வேக நீரில் மிதந்து வரும் இரைக்குக் காத்திருக்கும். வேகமும் நிதானமும் உரசிக்கொள்கிற அந்தக் கோட்டில்தான் லூரை ஓட்ட வேண்டும். மீனுக்குப் பின்பக்கமாக, அதாவது கீழ்நீரிலிருந்து மெதுவாக ஏறிப் போவது நல்லது. உங்கள் நிழல் அது நிற்கும் இடத்தில் விழுந்தால் கதை முடிந்தது, அடுத்த பாறைக்கு நடக்க வேண்டியதுதான்.

மார்ச்சில் சீசன் திறக்கும்போது தண்ணீர் குறைவு, தெளிவு, கடுங்குளிர். கோடையில் மேலே பனி உருகும், ஆறு பெருகிக் கலங்கும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆற்றங்கரைப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். 2023 ஜூலையில் குலுவில் பியாஸ் என்ன செய்தது என்பதை நாடே டிவியில் பார்த்தது. மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபர்தான் லூர்காரர்களின் பொற்காலம்.

அப்புறம் ஏன் நவம்பரில் கதவைச் சாத்துகிறார்கள்?

ஏனென்றால் அப்போதுதான் சினைப்பருவம். பெண் ட்ரவுட் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லாலேயே மூடிவிடும். 10 டிகிரி தண்ணீரில் முட்டை பொரிக்கவே நாற்பது நாளுக்கு மேல் ஆகும். குளிர் கூடக்கூட இன்னும் இழுக்கும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு தீரும்வரை கல்லிடுக்கில்தான் இருக்கும். ஆக, குளிர்காலத்தில் அந்த ஆற்றில் ஒருவர் தூண்டிலே போடாமல் சும்மா இறங்கி நடந்தாலும், காலடியில் ஒரு தலைமுறை நசுங்கலாம். டூரிஸ்டுகளுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை என்பதுதான் நம் வருத்தம்.

சீசனிலும் பொறுப்பு இருக்கிறது. புழு போட்டால் மீன் ஆழமாக விழுங்கிவிடும், முள்ளை எடுப்பதற்குள் செவுள் கிழியும். லூர் பெரும்பாலும் உதட்டோரம்தான் மாட்டும். திருப்பி விடுபவர்கள் லூரை விரும்ப இதுவே காரணம். லூரோடு வரும் மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள், அதன் நுனியில் பின்னோக்கி இருக்கும் சின்னக் கொக்கியை இடுக்கியால் அமுக்கி விடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் உடம்பின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும், பிறகு நோய்தான். ரீல்ஸ்? கேமராவை ரெடியாக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள், ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஆனால் ட்ரவுட் அந்த ஊர் மீனே இல்லை!

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்த மீன் இது. 1900-ல் காஷ்மீரில் வேரூன்றியது, 1909-ல் குலுவுக்கு வந்தது. நம்ம நீலகிரியில் இன்னும் முன்னதாக, 1863-லேயே பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் அங்கே ட்ரவுட் நிலைத்தது.

தீர்த்தனில் உள்ள பழுப்பு ட்ரவுட், உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற மீன். இமயத்தின் சொந்த மீன், ‘ஸ்னோ ட்ரவுட்’ என்று அழைக்கப்படுவது. பெயரில்தான் ட்ரவுட், உண்மையில் கெண்டை இனம். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிற சாது. அதன் குஞ்சுகள் பழுப்பு ட்ரவுட்டுக்கு இரை. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இந்தச் சாது ‘அழிவாய்ப்புள்ள’ இனமாக இருக்கிறது.

அப்படியானால் ட்ரவுட்டை ஒழித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சில் 520 மெகாவாட் பார்வதி-3, 100 மெகாவாட் சைஞ்ச் என்று நீர்மின் நிலையங்கள் வந்துவிட்டன. தீர்த்தனிலும் திட்டங்கள் போடப்பட்டன. உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்று, நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள். அப்போது அவர்கள் முன்வைத்த வலுவான வாதங்களில் ஒன்று, ‘இது ட்ரவுட் ஆறு’ என்பதுதான். பாசி தின்னும் சாதுவுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. அந்நிய மீனின் பேரைச் சொல்லித்தான் ஆறு ஆறாக ஓடுகிறது, அதில் ஸ்னோ ட்ரவுட்டும் மிச்சம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: இமாச்சல மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம் உண்டு. கட்டணமும், எத்தனை மீன், எந்த அளவு மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பும் உரிமத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட ஆசையா? குலுவில் பண்ணைகளில் வளர்க்கும் ரெயின்போ ட்ரவுட் தாராளமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி ஹோம்ஸ்டேயில் கொடுத்தால் கடுகெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். ஆற்று மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டு வரலாம்.