வயரில் பறக்குது, வை-பையில் நொண்டுது!
வேகத்தை விழுங்கும் இரும்பு பீரோ

சென்னை:

மாதாமாதம் பணம் கட்டுவது 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு. செல்போனில் அளந்தால் 30-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஆன்லைனில் பரீட்சை எழுதும் பையன், "அப்பா, சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்று அலறுகிறான். அப்பா கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துகிறார். லைன்மேன் வருகிறார். லேப்டாப்பில் வயரைச் சொருகுகிறார். 94! "லைன் சரியா இருக்கு சார்" என்று நடையைக் கட்டிவிடுகிறார்.

சென்னையில் பல வீடுகளில் நடக்கும் கூத்து இது. கோபத்தில் 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறிக் கூடுதல் பணம் அழுபவர்களும் உண்டு. மாறினாலும் அதே 30-தான்!

ஒற்றையடிப் பாதை

வயர் தனிப் பாதை. போகவும் வரவும் ஒரே நேரத்தில் இடம் உண்டு. வை-பை ஒற்றையடிப் பாதை. ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக் காத்திருக்கவேண்டும். செல்போன், டி.வி., கண்காணிப்பு கேமரா எல்லாம் அதே கியூவில்தான். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே கியூவில் வந்து நிற்கும்!

பழைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டும் ஓடுபவை. அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடியில் 20 வீடு இருந்தால் 20 பெட்டியும் இந்த மூன்றில்தான் முட்டி மோதவேண்டும். சமையல்கட்டில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் அதுவும் அதே அலையில் இரைச்சல் போடும்.

5 கிகாஹெர்ட்சில் கூட்டம் குறைவு, பாதையும் அகலம். பல ரூட்டர்களில் அதன் பெயர் "5ஜி" என்று முடியும். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒரே குறை, சுவரைக் கண்டால் இதற்கு ஆகாது.

வில்லன் யார்?

கண்டுபிடிக்க மூன்று அளவு போதும். முதலில் வயரில். அதுவே குறைந்தால் கம்பெனியோடு தாராளமாகச் சண்டை போடலாம். (200 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் 94-ல் நின்றால் வயரையும் பாருங்கள். உள்ளே இருக்கும் 8 கம்பியில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும்.) அடுத்து, அதே லேப்டாப்பில் ரூட்டருக்கு இரண்டடி தள்ளி வை-பையில். அங்கேயும் மந்தமென்றால் கூட்டம், அல்லது பழைய பெட்டி. கடைசியாக உள் அறையில். அங்கே மட்டும் விழுந்தால் வில்லன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். காங்கிரீட் சுவர், மீன் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக இரும்பு பீரோ. "ஷோவா இருக்கும்" என்று அதன் பின்னால் ரூட்டரை ஒளித்து வைப்பவர்களை என்ன சொல்வது?

பெட்டியை ஹாலின் நடுவே, ஆள் உயரத்துக்கு ஏற்றுங்கள். உள்ளே வரும் கண்ணாடி இழையை வீட்டில் வெட்டி ஒட்ட முடியாது. நீளம் போதாவிட்டால் லைன்மேனைத்தான் கூப்பிடவேண்டும். டி.வி. இடம் மாறப்போவதில்லை. அதற்கு வயரே இழுத்துவிட்டால் கியூவில் ஓர் ஆள் குறையும். பரீட்சை அன்றைக்குப் பையனின் லேப்டாப்பிலும் வயரைச் சொருகிவிடலாம்.