சாலை பஜாரிலிருந்து ஒரு கிரனோலா

வெளிநாட்டுப் பெயர், உள்ளூர்ச் சரக்கு. வீட்டிலேயே வறுத்தால் சர்க்கரையின் கடிவாளம் நம் கையில்.

புட்டும் கடலைக்கறியும் கோலோச்சும் ஊர் திருவனந்தபுரம். அங்கும் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் கிரனோலா இடம் பிடித்துவிட்டது. ஓட்ஸ், பருப்பு, விதைகளை இனிப்புப் பாகில் பிரட்டி மொறுமொறுப்பாக வறுத்த கலவை இது. பெயர்தான் புதிது. சிவப்பு அவலை வெல்லப்பாகு, தேங்காய், பொட்டுக்கடலை, எள்ளுடன் கிளறும் 'அவல் விளயிச்சது' மலையாள வீடுகளின் பழைய பலகாரம். கிரனோலாவுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

அமெரிக்கக் கதை வேறு. 1863-ல் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற மருத்துவர் முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்து 'கிரனுலா' என்று பெயரிட்டார். இரவெல்லாம் ஊறவைத்தால்தான் பல்லுக்கு அடங்கும். ஜான் ஹார்வி கெல்லாக் அதே பெயரில் ஒன்றைச் செய்ய, வழக்கு வந்தது. பெயர் 'கிரனோலா' ஆனது. இந்த ஓட்ஸ் கலவை 1960-களின் ஹிப்பிகளால் பிரபலமானது. கெல்லாக் பெயர் தாங்கிய நிறுவனம் 1994-ல் இந்தியாவுக்கு வந்தபோது, சூடான பால் ஊற்றியே பழகிய வீடுகளில் கார்ன் ஃப்ளேக்ஸ் நமுத்துப் போனது தனிக்கதை.

கேரளத்துக்கு இது வெறும் ருசி விவகாரம் அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, மாநிலத்தில் வயது வந்தோரில் 25.5 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. தேசிய சராசரி 11.4. 'ஆரோக்கியம்' என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. சேர்மானங்கள் எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரையோ தேனோ இரண்டாவதாக இருந்தால், அது சிற்றுண்டி அல்ல, மிட்டாய்.

வீட்டில் செய்வது எளிது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலை பஜாரில் ஒரு நடை நடந்தால் பை நிறைந்துவிடும். ஓட்ஸ் 300 கிராம், மெல்லிய சிவப்பு அவல் 100, முந்திரியும் நிலக்கடலையுமாக 75, கொப்பரைத் துருவல் 50, எள் 25, வெல்லம் 60, தேங்காயெண்ணெய் 40 கிராம்.

அவலைத் தனியே வெறும் வாணலியில் நொறுங்கும் பதத்துக்கு வறுக்க வேண்டும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, லேசாகக் கெட்டியானதும் எண்ணெய், ஏலப்பொடி, சிட்டிகை உப்பு சேர்த்து எல்லாவற்றையும் பிரட்ட வேண்டும். அவன் இருந்தால் 150 டிகிரியில் சுமார் 25 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறினால் போதும். இல்லாவிட்டால் அடி கனமான உருளியில் சிறு தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். உலர்திராட்சையை இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் கருகும்.

சூட்டில் கலவை மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு. ஆறும் முன் மூடினால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், அதுவும் ஜூன் மழையில், இறுக்கமான மூடியுள்ள டப்பா அவசியம். நமுத்தால் மறுபடி லேசாக வறுத்துக்கொள்ளலாம்.

கணக்கு இதுதான்: மொத்தம் 650 கிராம், 50 கிராம் வீதம் 13 வேளை. ஒரு வேளைக்கு வெல்லம் 5 கிராமுக்குள், கலோரி சுமார் 230. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லமும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். கறுப்பாக இருப்பதால் சலுகை இல்லை.

ஓட்ஸின் பெருமையையும் அளந்தே பேச வேண்டும். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தினம் 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்ட்ரால் குறையும். இந்த ஒரு வேளையில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மருந்தாக நினைக்காமல், தயிரும் ஒரு வாழைப்பழமும் சேர்த்து அளவோடு சாப்பிட்டால் நல்ல காலை உணவு. கிண்ணம் நிறையக் கொட்டினால் டப்பா கிரனோலாவுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.