நீரிழிவுக் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்குமா?



சில மாதங்களுக்கு முன் நீரிழிவு நோயுள்ள ஐயா ஒருவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு என்னிடம் வந்தார். "டொக்டர், நீங்கள் தந்த புதுக் குளிசை கிட்னியைப் பழுதாக்கிப் போட்டுது. கிரியற்றினின் கூடிப் போச்சு. நான் நிப்பாட்டிப் போட்டன்" என்றார். இதே பயம் பலருக்கு உண்டு. அதற்கான விளக்கம் எங்கள் ரொறன்ரோவிலேயே நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது.

எமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. நீரிழிவு வந்ததும், வடிந்து செல்லும் சீனியையும் அதனுடன் உப்பையும் சிறுநீரகம் அளவுக்கு மீறித் திரும்ப உறிஞ்சுகிறது. இதனால் வடிகளுக்குள் இரத்த அழுத்தம் கூடி, அவை மிதமிஞ்சி வேலை செய்கின்றன. பல வருடங்கள் இப்படி உழைத்தால் வடிகள் பழுதாகி, சலத்தில் புரதம் போகத் தொடங்குகிறது.

ரொறன்ரோ ஜெனரல் வைத்தியசாலையின் சிறுநீரக நிபுணர் டேவிட் சேர்ணியும் குழுவினரும், முதலாம் வகை நீரிழிவுள்ள 40 பேருக்கு எம்பாகிளிஃப்ளோசின் என்ற குளிசையை 8 வாரங்கள் கொடுத்து ஆராய்ந்தனர். இது சீனியையும் உப்பையும் சலத்தோடு வெளியேற்றும் மருந்து. அவர்களுள் 27 பேருக்கு வடிகட்டும் வேகம் மிக அதிகமாக இருந்தது. குளிசைக்குப் பின் அது நிமிடத்துக்குச் சராசரியாக 172 மில்லிலீற்றரிலிருந்து 139 ஆகக் குறைந்தது. வேகம் சாதாரணமாக இருந்த மற்ற 13 பேரில் பெரிய மாற்றமில்லை. முடிவுகள் 2014இல் வெளியாயின.

வடிகட்டும் வேகம் குறைந்தால் கிரியற்றினின் சற்றுக் கூடும். அந்த ஐயாவின் அறிக்கையில் இருந்ததும் இதுதான். அது பழுதல்ல, வடிகளின் பாரம் இறங்கியதற்கான அடையாளம்.

பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் இதன் நீண்டகாலப் பலனைக் காட்டின. 2023இல் வெளியான ஆய்வொன்றில் சிறுநீரக நோயுள்ள 6,609 பேர் பங்குபற்றினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே இல்லை. எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களில், சிறுநீரக நோய் முற்றுவதோ இருதய நோயால் இறப்பதோ 28 வீதம் குறைந்திருந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிரியற்றினின் அதிகமாகக் கூடினால் வேறு காரணம் உண்டா என்று வைத்தியர் பார்ப்பார்.

2. வாந்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பிட முடியாதபோது இக்குளிசையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

3. கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களுக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். சாப்பிடாமல் இக்குளிசை எடுத்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இதனாலேயே முதலாம் வகை நீரிழிவுக்கு இது கனடாவில் அங்கீகரிக்கப்படவில்லை.

4. வருடத்துக்கு ஒரு முறையாவது இரத்தத்தோடு சலத்தையும் பரிசோதியுங்கள். சிறுநீரக நோய் தொடக்கத்தில் நோவு எதுவும் காட்டாது.

அந்த ஐயா இப்போது மீண்டும் குளிசை எடுக்கிறார். அடுத்த பரிசோதனையில் அவருடைய கிரியற்றினின் மேலும் கூடவில்லை. சலத்தில் புரதம் குறைந்திருந்தது. சந்தேகம் வந்தால் குளிசைப் போத்தலை மூடி வைக்க முன், உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.