மீன்குஞ்சை எண்ணி விடுங்கள்

ஆரணி, பெரியபாளையம், பொன்னேரி வட்டாரங்களில் ஏரிகளும் குட்டைகளும் வடகிழக்குப் பருவமழையில்தான் நிரம்புகின்றன. ஆடி மாதத்தில் கட்லா, ரோகு, மிர்கால் நுண்மீன் குஞ்சுகளை வாங்கி, கிணற்று நீர் பாய்ச்சிய நாற்றங்கால் குட்டையில் விட்டால் 15 முதல் 20 நாட்களில் ஓர் அங்குலக் குஞ்சு கிடைக்கும். வேறொரு குட்டையில் மேலும் இரண்டு, மூன்று மாதம் வளர்த்தால், ஏரி நிரம்பும் வேளையில் விரலளவுக் குஞ்சு கையில் இருக்கும்.

ஆனால் நாற்றங்காலில் சேதம் மிகுதி. நூற்றுக்கு முப்பது, நாற்பது தேறுவதே பல இடங்களில் வழக்கம். வாங்கிய எண்ணிக்கை குறைவா, இரை போதவில்லையா, பூச்சி தின்றதா என்பது மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இது புதிய முறையன்று. கங்கையாற்றில் வெள்ளக் காலத்தில் புனல் வடிவ வலை கட்டிக் குஞ்சு பிடித்தவர்கள், முதலில் ஓரிரு வலைகளை மட்டும் போட்டு, சிக்கியதைக் கிண்ணத்தால் அளந்த பிறகே மற்ற வலைகளைக் கட்டினர். 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் பண்ணையில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதன் பின் குஞ்சுகள் பொரிப்பகங்களில் கிடைக்கலாயின. கிண்ண அளவு மட்டும் மாறவில்லை.

வாங்கும்போது

துளையிட்ட சிறு கிண்ணத்தில் குஞ்சுகளை நீர் வடிய மொள்ள வேண்டும். மூன்று கிண்ணங்களைத் தனித்தனியே வெள்ளைத் தட்டில் நீருடன் ஊற்றி எண்ணுக. 2,010, 1,860, 1,980 என்றிருந்தால் சராசரி 1,950. நாற்பது கிண்ணம் வாங்கினால் 78,000 குஞ்சுகள். ஐந்து சென்ட் குட்டைக்கு 60,000 முதல் ஒரு லட்சம் வரை விடலாம்.

விடுமுன்

குட்டையின் பல இடங்களிலிருந்து மொத்தம் 50 லிட்டர் நீரை மொண்டு, சல்லாத் துணியைவிட நெருக்கமான மிதவை உயிரி வலையில் வடிகட்டவும். வலையடிக் குழாயில் சேர்ந்ததில் சிறிது உப்பிட்டு அரைமணி நேரம் தெளியவிட்டால், அடியில் 1 முதல் 2 மில்லி லிட்டர் படிய வேண்டும். குறைந்தால் சாணக்கரைசல் இட்டு, சில நாள் கழித்து மீண்டும் பார்க்கவும்.

கொசுவலையை ஒருமுறை இழுத்துப் பார்த்து, நீர்வண்டுகளும் முதுகில் நீந்தும் பூச்சிகளும் சிக்கினால், 1,100 கிராம் எண்ணெயுடன் 360 கிராம் சோப்பைக் கரைத்து, காற்றில்லாத வேளையில் ஐந்து சென்ட் நீர்ப்பரப்பில் தெளிக்க வேண்டும். எண்ணெய்ப் படலத்தால் காற்றுக் கிடைக்காமல் இவை மடியும். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பே இதைச் செய்வது அவசியம்.

பதினைந்தாம் நாள்

வெயில் ஏறுமுன், இரண்டு மீட்டர் அகலக் கொசுவலையை மூன்று இடங்களில் இரண்டிரண்டு மீட்டர் இழுக்கவும். மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர். அதில் 1,800 குஞ்சுகள் இருந்தால் சதுர மீட்டருக்கு 150. ஐந்து சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர் ஆதலால், குட்டையில் ஏறத்தாழ 30,000 இருக்கும். விட்டது 78,000 என்றால் தேறியது நூற்றுக்கு 38. குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதால் ஓரிடத்தை மட்டும் நம்பலாகாது. இருபது குஞ்சுகளின் நீளத்தையும் அளந்து, உடனே நீரில் விடுக.

இக்கணக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆடியில் எதைத் திருத்துவது என்பது விளங்கும். ஐயமிருப்பின் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையோ, பொன்னேரியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம்.