சிறு தொட்டியில் மீன் வளர்த்தல்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்தவுடன் வரும் ஊர் வாளையார். அவ்வூரின் பெயரில் ‘வாளை’ என்னும் சொல் ஒலிக்கிறது. வாளை ஒரு நன்னீர் மீன். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. மருத நிலத்தின் குளங்களையும் வயல்களையும் பாடிய சங்கப் புலவர்கள் அம்மீனையும் பாடியுள்ளனர். அத்தகைய பெருமீனை வீட்டுக் கூடத்தில் வளர்க்க எவரும் எண்ணார். ஆயினும், விரலளவே உள்ள வண்ண மீன்களை வளர்க்கும் ஆவல் நம்மில் பலருக்கு உண்டு. பெற்றோரின் பணி காரணமாகக் கஞ்சிக்கோடு, வாளையார் பகுதிகளின் சிறு வாடகை வீடுகளில் வாழும் மாணவர்களுக்கு நாயும் பூனையும் வளர்க்க இடம் இராது. மீன்தொட்டிக்கோ ஒரு மேசையின் மூலை போதும்.

மாணவர்களே! மீன் வளர்க்கத் தொடங்குவோர் பலருக்கும் நேரும் ஒரு துன்பத்தை முதலில் காண்போம். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்குகின்றனர். அன்றே நீர் நிரப்பி, அன்றே மீன்களையும் விடுகின்றனர். சில நாள்கள் மீன்கள் துள்ளித் திரிகின்றன. பின்னர் ஒன்று நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கிறது; மறுநாள் மற்றொன்று. மூன்று வாரங்களுக்குள் தொட்டி வெறுமையாகிறது. ‘நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார்’ என்று கடைக்காரரைக் குறை கூறுவர். பெரும்பாலும் குறை மீனில் இல்லை, நீரில் உள்ளது. அந்த நீர் கண்ணாடிபோலத் தெளிவாகத் தோன்றுவதால்தான் எவரும் அதனை ஐயுறுவதில்லை.

நீருக்குள் நிகழ்வது யாது? மீன் உண்ட உணவிலுள்ள புரதம் செரித்தபின் அம்மோனியா என்னும் கழிவு உண்டாகிறது. மீன் அதனைப் பெரும்பாலும் தன் செவுள்களின் வழியாகவே வெளியேற்றுகிறது. உண்ணாமல் எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலும் குளத்திலும் நீர் மிகுதி. ஆகவே அந்நஞ்சு கலந்து நீர்த்துவிடும். சிறு தொட்டியில் அது செல்வதற்கு இடமில்லை. தன் கழிவையே தான் சுவாசிக்கும் நிலைக்கு மீன் ஆளாகிறது. அதன் செவுள்கள் எரிந்து சிவக்கின்றன.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்துள்ளது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டு என்னும் பொருளாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குருதி இழக்கும்படி செய்கிறது. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு மிகுந்தாலன்றி மீனுக்குத் தீங்கு செய்யாது. நீர்ச்செடிகளுக்கு அது உணவுமாகும். இவ்விருவகை நுண்ணுயிர்களும் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடையிலிருந்து தொட்டியை வாங்கலாம், வடிகட்டியை வாங்கலாம். இந்த ஆறு வாரங்களை எளிதில் வாங்க இயலாது. புதுத் தொட்டியில் மீன்கள் இறப்பதன் காரணம் இதுவே.

எனவே, தொட்டி முதலில், மீன் பின்னர். தொட்டியில் கழுவிய மணலையும் நீரையும் நிரப்பி, வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் இட்டு வர வேண்டும். அவ்வுணவு அழுகித் தரும் அம்மோனியாவை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். ‘மீனே இல்லாத தொட்டிக்கு உணவா?’ என்று வீட்டில் உள்ளோர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். நெடுநாள் மீன் வளர்த்து வரும் நண்பர் எவரேனும் இருப்பின், அவர் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் பெற்று வந்து நம் தொட்டியில் இடலாம். அத்துண்டில் வாழும் நுண்ணுயிர்கள் பரவுவதால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். பாலுக்கு உறை ஊற்றுவது போன்றது இது.

கண்ணாடித் தொட்டியில் மீனை நெடுநாள் வாழவைக்கும் கலை மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீன்களும் நீர்ச்செடிகளும் நத்தைகளும் சேர்ந்து வாழும் தொட்டி நெடுநாள் நிலைக்கும் என்பதை 1850ஆம் ஆண்டளவில் காட்டினார். இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853இல் முதல் பொது மீன் காட்சியகம் தோன்றியது. சென்னை மெரினாக் கடற்கரையிலும் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது இல்லை. நமக்கு அருகில் மலம்புழா அணைப் பூங்காவை ஒட்டி, மீன் வடிவிலேயே கட்டப்பட்ட காட்சியகம் ஒன்று உள்ளது. அந்த அணையை 1955இல் திறந்துவைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது.

தொட்டியின் அளவைக் கணக்கிடுதல் எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 40 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடையே 40 கிலோகிராம் ஆகிவிடும் என்பதால் ஆட்டம் காணும் மேசையில் அதனை வைத்தல் கூடாது. சிறிய தொட்டியே எளிதென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறையக் குறைய நஞ்சு விரைவில் செறியும். வெப்பமும் விரைவில் ஏறும். வட்டக் கண்ணாடிக் கிண்ணம் இதனினும் கேடு. அதன் வாய் குறுகியதாகையால் காற்று நீரில் கலக்கும் பரப்பும் குறைவு. இத்தாலியின் ரோம் நகரம் வட்டக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதை 2005இல் தடையே செய்தது.

காற்றைப் பற்றிக் கூறும்போது பாலக்காட்டுக் கணவாயின் வெயிலையும் எண்ண வேண்டும். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை. 20 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் ஏறினால் மீனுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவை. நீரிலோ அது குறைகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பகுதியின் வெப்பம் 40 பாகையை நெருங்குவதுண்டு. அக்காலத்தில் மின்சாரம் நின்று காற்றூதி ஓய்ந்துவிட்டால், ஒரு குவளையால் நீரை முகந்து சற்று உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருத்தல் நல்ல உதவியாகும். தொட்டியைச் சன்னல் வெயிலில் வைத்தல் எக்காலத்தும் ஆகாது. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்று வேறொரு வேலை செய்கிறது: தொட்டி நீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீரை நிரப்புவது வேறு, பழைய நீரை மாற்றுவது வேறு என்பதை இதனால் அறியலாம்.

நீரை மாற்றும்போது முழுவதையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவோர் உளர். தூய்மை விரும்பும் வீடுகளில் இப்பழக்கம் மிகுதி. அவ்வாறு கழுவும்போது பாடுபட்டு வளர்ந்த நுண்ணுயிர்களும் சாக்கடையில் சென்றுவிடும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுதல் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிய வேண்டும். குழாய் நீரில் குடிநீருக்காகச் சேர்க்கும் குளோரின் இருக்கும். அது நுண்ணுயிர்களையும் மீனின் செவுள்களையும் ஒருங்கே தாக்கும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்திருந்தால் குளோரின் பெரிதும் நீங்கும். எடுத்த பழைய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட்டு செடிக்கு உரம்.

எம்மீனைத் தேர்வது? தொடக்கநிலையினருக்குக் கப்பி மீன் ஏற்றது. டிரினிடாட் தீவில் வாழ்ந்த ராபர்ட் கப்பி என்பவர் 1866இல் இலண்டனுக்கு அனுப்பிய மீன் ஆதலால் அப்பெயர் பெற்றது. ஆண் மீன் சிறியது; வண்ண வாலுடையது. பெண் மீன் பெரியது, வண்ணம் மங்கியது. கொசுப்புழுக்களை உண்ணும் என்பதால் இதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரையும் இது தாங்கும். முட்டையிடாது, ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சுகளையே ஈனும். ஆகையால் ஆணும் பெண்ணுமாக ஆறு மீன்களை விட்டால் ஆறாகவே இரா. பெருக்கம் வேண்டாதவர் ஆண் மீன்களை மட்டும் வாங்குதல் நன்று.

சண்டைமீன் நீருக்கு மேலுள்ள காற்றையும் சுவாசிக்க வல்லது. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். கடையில் அதனைச் சிறு குப்பியில் வைத்திருப்பதைக் கண்டு, குப்பியே அதற்குப் போதும் என்று கொள்ளலாகாது. எல்லோரும் முதலில் விரும்புவது பொன்மீன். அது கெண்டை இனத்தைச் சேர்ந்தது. 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், மிகுதியாகக் கழிவு விடும், பல ஆண்டுகள் வாழும். 40 லிட்டர் தொட்டி அதற்குச் சிறை. ‘மிஸ் கேரளா’ என்று புகழ்பெற்ற மீனும் அப்படியே. சிவந்த கோடுடைய அம்மீனை இடுக்கி மலைகளை ஒட்டிய முண்டக்கயத்திலிருந்து பெற்று, 1865இல் பிரான்சிசு டே என்னும் அறிஞர் உலகிற்கு அறிவித்தார். சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். ஓடும் குளிர்நீரில் கூட்டமாக வாழும் மீன் அது. வண்ணமீன் வணிகத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால், இன்று அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் உள்ளது.

உணவு இடுவதில்தான் அன்பு மீனைக் கொல்கிறது. இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். மீன் எப்போதும் பசித்ததுபோல் கண்ணாடியருகே வரும். அதனைக் கண்டு வீட்டில் நால்வரும் நான்கு முறை உணவு இட்டால் நீர் கெடும். ஒருவரே உணவு இடுவதென்று முடிவு செய்து, தொட்டியருகே ஒரு குறிப்பேட்டில் உணவிட்ட நாளையும் நீர் மாற்றிய நாளையும் எழுதி வரலாம். பொங்கலுக்குச் சொந்த ஊர் சென்றால் மீன்கள் பசியால் இறந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வளர்ந்த, நலமான மீன்கள் ஒரு வாரம் உணவின்றி வாழும். பக்கத்து வீட்டாரிடம் உணவு டப்பாவை முழுமையாகக் கொடுத்துச் செல்வதே பெரிய ஆபத்து. கொடுக்கத்தான் வேண்டுமெனில் நாளுக்கு ஒரு பொட்டலமாகச் சிட்டிகை சிட்டிகையாக மடித்துக் கொடுங்கள்.

கோடை விடுமுறை நீண்டது. பெற்றோருக்குப் பணியிட மாற்றம் வந்தாலோ திரும்பி வருதலே இல்லை. அப்போது சிலர், ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று மீன்களை ஆற்றிலோ அணையிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்யும் இச்செயல் பெருந்தீங்காகும். வாளையாறு கல்பாத்திப் புழையாகிப் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலை அடைகிறது. ஓரிடத்தில் விட்ட மீன் அவ்வழி முழுவதும் பரவ இயலும். வெளிநாட்டு மீன்களுள் சில விடப்பட்ட இடத்திலேயே இறக்கும். சில பிழைத்துப் பெருகி, அவ்வாற்றிற்கே உரிய மீன்களின் உணவையும் முட்டைகளையும் உண்ணும். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன், இவ்வாறு விடப்பட்டுத் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் நீர்நிலைகளிலும் பெருகியுள்ளது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் அமேசான் மீன், கேரள ஆறுகளில் வலைவீசியோரின் கைகளில் சிக்கியது. தொட்டியின் நீர்ச்செடிகளையும் ஆற்றில் எறிதல் கூடாது.

வளர்க்க இயலாத மீன்களை வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுக்கலாம். பணம் தராவிடினும் பல கடைக்காரர்கள் மீனை ஏற்றுக்கொள்வர். பள்ளியில் தொட்டி இருப்பின் ஆசிரியரிடம் கேட்கலாம். வகுப்புத் தோழர் ஒருவருக்குத் தருவதாயின், மீன்களோடு தொட்டியையும் நீர் ஊறிய வடிகட்டிப் பஞ்சையும் சேர்த்தே தர வேண்டும். பஞ்சு வழியில் உலர்ந்துவிடாதபடி தொட்டி நீர் நிறைந்த வாளியில் இட்டுக் கொண்டு செல்க. அப்போது அவர் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.