அசல் பில் பெட்டியில், சரக்கு அடுத்தவர் கடையில்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஒரே ஏமாற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. எஃப்.ஓ.பி. விலைக்கு, அதாவது கப்பலில் ஏற்றும்வரை மட்டுமே நம் செலவு என்ற விலைக்கு, ஆர்டர். சரக்கை அனுப்பும் முகவரான ஃபார்வர்டரை நியமிப்பது வாங்குபவர். அசல் பில் ஆஃப் லேடிங் மூன்றும் நம்மிடம் இருக்கின்றனவே, பணம் கட்டாமல் சரக்கை எப்படி எடுப்பார் என்று ஏற்றுமதியாளர் நிம்மதியாக இருக்கிறார். வாங்குபவரின் நாட்டில் சரக்கு எப்போதோ கைமாறியிருக்கும்.

ஏற்றுமதியாளரிடம் இருப்பது ஃபார்வர்டர் கொடுத்த ஹவுஸ் பில். கப்பல் நிறுவனத்தின் மாஸ்டர் பில்லில் பெறுநர், அதே ஃபார்வர்டரின் வெளிநாட்டு ஏஜென்ட். அவர் சரக்கை எடுத்து, ஹவுஸ் பில்லைக் கேட்காமலே வாங்குபவரிடம் விட்டுவிடுகிறார். காவல் நிலையத்துக்குப் போனால், சிவில் விவகாரம் என்று கைகழுவுகிறார்கள்.

ஆகவே கண்டெய்னர் ஏற்றும் முன்பே விழித்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் பில்லின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்கும் நிறுவனம் 1993-ஆம் ஆண்டின் பன்முகச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளப் பட்டியலில் பாருங்கள். பில்லில் அச்சிட்ட பதிவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது காலாவதியாகியிருக்கலாம். பெறுநர் இடத்தில் வாங்குபவர் பெயர் வேண்டாம், வங்கியின் ஆர்டருக்கு என்று எழுதச் சொல்லுங்கள். விமானச் சரக்கில் இன்னும் ஆபத்து: ஏர்வே பில் உரிமைப் பத்திரமே அல்ல. பெறுநராகப் பெயர் உள்ளவர் அசல் இல்லாமலே எடுத்துவிடுவார். அங்கே வாங்குபவரின் வங்கியிடம் முன்சம்மதம் பெற்று, அதையே பெறுநராகப் போடுங்கள். புது வாங்குபவர் என்றால் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசியும், அவர் பெயருக்கான கடன் வரம்பும் முதலில், பேக்கிங் பிறகு.

சரக்கு போன பின்? கண்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத் தளத்தில் வாரந்தோறும் போட்டுப் பாருங்கள். காலிப் பெட்டி திரும்பிவிட்டது, வங்கிக்குப் பணம் வரவில்லை என்றால் சரக்கு போய்விட்டது என்றே கொள்ளுங்கள். அன்றே ஃபார்வர்டருக்கும் அவருடைய ஏஜென்டுக்கும் எழுத்தில் நோட்டீஸ், வங்கிக்கும் இ.சி.ஜி.சி.க்கும் தகவல். அசல் பில்லை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், சமரசம் பேசுகிறவரிடமும்கூட.

“அடுத்த மாதம் தருகிறேன்” என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். கப்பல் நிறுவன பில்லுக்கு வழக்குக் கெடு பொதுவாக ஓராண்டு. 1993 சட்டத்தின் கீழ் வரும் பன்முகப் போக்குவரத்துப் பத்திரத்துக்கு ஒன்பதே மாதம். பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் கெடுவும், எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் இருக்கும். வக்கீலிடம் முதல் நாளே அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.